பசியும் பாட்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

அவையேறிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, தந்தையார் மறைவுக்குப் பின் அவர் வேலை பார்த்த ரயில்வேயிலேயே எழுத்தராய்ச் சேர்ந்து, பட்டியல்களோடும் பதிவேடுகளோடும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலங்கழித்து வருபவன் நான். "இசையைப் பற்றி ஏதேனும் பேசவேண்டும்" என்று செயலாளர் பணித்தபோது, "இராகம் தாளம் அறியாதவனை விட்டுவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அவரோ, "ரயிலைப் பற்றியாவது தெரியுமல்லவா?" என்று சொல்லி நகைத்தார். அந்த நகைப்பே எனக்கு இன்றைய பொருளை எடுத்துத் தந்தது. ரயில் வண்டியில் காசுக்குப் பாடிய ஒரு சிறுமி, தமிழ்நாடு முழுவதும் கேட்ட குரலாக வளர்ந்த வரலாறு ஒன்று நம்மிடையே உண்டு. கொடுமுடி கோகிலம் என்று தமிழர் போற்றிய கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்வைத்தான் குறிப்பிடுகின்றேன்.

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப் பாதையில், காவிரியாற்றின் கரையை ஒட்டி அமைந்த ஊர் கொடுமுடி. சிவன், திருமால், பிரம்மா ஆகிய மூவருக்கும் ஒரே வளாகத்தில் சந்நிதி அமைந்த பழம்பெரும் திருக்கோயில் அங்கே இருக்கிறது. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். அன்னையின் பெயர் பாலாம்பாள். அவருடைய பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துக்களும் ஊரையும் தாயையுமே குறிப்பவை. தந்தையின் துணையின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அத்தாயின் தலையில் விழுந்தது. வறுமை வீட்டுக்குள் புகுந்தது. கொடுமுடியில் நின்று செல்லும் வண்டிகளில் அச்சிறுமி ஏறிப் பாடினாள். பயணிகள் போட்ட காசு வீட்டில் அடுப்பெரிய உதவியது.

ரயிலில் பாடுவது எத்தகைய வேலை என்பதை ரயில்வேக்காரனாகிய நான் சற்றே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். சக்கரத்தின் ஓசையை மீறிக் குரல் எழவேண்டும். கேட்பவர் கேட்க வந்தவர் அல்லர். ஒருவர் உறங்குவார், ஒருவர் வழக்குப் பேசுவார், ஒருவர் கட்டுச்சோற்றை அவிழ்ப்பார். அவர்கள் அத்தனை பேரையும் முதல் அடியிலேயே திரும்பிப் பார்க்கச் செய்யவேண்டும். அடுத்த நிலையம் வருவதற்குள் பாட்டை முடித்து, கையையும் நீட்டி, அடுத்த பெட்டிக்குப் போகவேண்டும். அத்தனைக்கும் பக்கத்துணையாக ஒரு சுருதிப்பெட்டிகூடக் கிடையாது. பிற்காலத்தில் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் எட்டிய சுந்தராம்பாளின் உச்சக் குரலைப் பற்றி வித்துவான்கள் வியந்தார்கள். அக்குரலுக்கு முதல் அரங்கம் மூன்றாம் வகுப்புப் பெட்டியாகவே இருந்தது.

அச்சிறுமியை நாடக மேடைக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதைப் பற்றி இரு விதமாகச் சொல்லுவர். கிருஷ்ணசாமி ஐயர் என்னும் காவல்துறை அதிகாரி அவர் குரலைக் கேட்டு, வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ப்பித்தார் என்பது ஒரு வழக்கு. ரயிலில் அவர் பாடக் கேட்டு எஃப். ஜி. நடேச ஐயர் அவரை அடையாளம் கண்டார் என்பது மற்றொரு வழக்கு. இந்த நடேச ஐயர் யார் தெரியுமா? தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாகப் பணியாற்றியவர், திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர், தாமே நடிகர். சிறுவனாயிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரை அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் அவரே. நம் இலாகாவைச் சேர்ந்த ஒருவருக்கு இப்படிப்பட்ட காது இருந்தது என்பதை எண்ணும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. வெட்கத்துக்குக் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

நாடகக் குழுவில் அவருக்குக் கிடைத்த தொடக்க வேடங்களுள் ஒன்று, நல்லதங்காள் நாடகத்தில் பிள்ளை வேடம் என்பர். நல்லதங்காள் கதையை அறியாத தமிழர் இல்லை. பஞ்சத்தினால் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணியால் வெறுக்கப்பட்டு, பாழுங்கிணற்றை நாடியவள் கதை அது. பசியால் அழும் பிள்ளையாகப் பசியறிந்த ஒரு சிறுமி மேடையில் நின்றாள். கொட்டகையில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்பதில் வியப்பென்ன?

அக்காலத்து நாடக உலகத்தில் குழந்தைகளின் நிலையையும் நாம் மறந்துவிடலாகாது. நாடகத் தந்தையாராகிய சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அவ்வை சண்முகம் உள்ளிட்ட டி. கே. எஸ். சகோதரர்கள் பிள்ளைப் பருவத்திலேயே அங்கே சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனி என்று வழங்கிய அக்குழுக்களில் பிள்ளைகளுக்குச் சோறு உண்டு, பாடம் உண்டு, பிரம்படியும் உண்டு. இரவெல்லாம் நாடகம்; பகலில் ஒத்திகை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்ற பையன் இன்று திரை இழுக்கப் போவான். ஊர் திரும்பியவர்களின் பெயர்களை எந்த நூலும் எழுதவில்லை. பெண் பிள்ளைகளுக்கு மகரக்கட்டு என்னும் இடர் இல்லை. ஆனால் மேடையேறிய பெண்ணை ஊர் பேசிய பேச்சு அதனினும் கொடிது. இவற்றையெல்லாம் கடந்துதான் சுந்தராம்பாள் கதாநாயகி ஆனார். ஆண் வேடமும் புனைந்தார்.

அந்நாளில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு முறை இருந்தது. நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே வரவழைக்கப்பட்டு, அன்றிரவு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் பாட்டாலேயே வாதிடுவார்கள். யார் மேலே பாடுகிறார், யார் மடக்குகிறார் என்று பார்க்கவே மக்கள் கூடுவார்கள். அத்தகைய மேடையில், இலங்கையில் நாடகமாடியபோது, எஸ். ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்தனர். கிட்டப்பாவும் ஐந்தாறு வயதிலேயே மேடையேறியவர். அவர் பிறந்த செங்கோட்டை, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர் சேர்ந்த நாட்டுக்குள் இருந்தது. ஆகவே கேரளத்தில் வாழும் நாம் அவரிடம் சிறிது உரிமை கொண்டாடலாம்! கிட்டப்பாவோடு பாடினால் இப்பெண்ணின் பெயர் கெடும் என்று அஞ்சியவர்கள் இருந்தனர். அந்த அச்சம் முதல் இரவிலேயே நீங்கியது. 1927ஆம் ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர்.

அவ்வாழ்வு நீடிக்கவில்லை. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழு வயதில், கிட்டப்பா காலமானார். இருபத்தைந்து வயதுடைய சுந்தராம்பாள் அன்று வெள்ளைச் சேலை உடுத்தினார். வாழ்நாள் முழுவதும் அதை மாற்றவில்லை. எந்த ஆடவரோடும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவரைக் காந்தியடிகளே கொடுமுடிக்குச் சென்று பார்த்துத் தேசப் பணிக்கு அழைத்தார் என்பர். சத்தியமூர்த்தி முதலிய தலைவர்களின் மேடைகளில் அவர் பாடினார். கதரையும் காந்தியையும் பற்றி அவர் பாடிய பாட்டுக்கள் இசைத்தட்டுக்களாக வெளிவந்தன. பிற்காலத்தில் சென்னைச் சட்ட மேலவையிலும் அவர் உறுப்பினராக அமர்ந்தார். திரைத்துறையிலிருந்து சட்டமன்றம் புகுந்தோருள் முன்னோடி அவர்.

1935ஆம் ஆண்டு 'பக்த நந்தனார்' படம் வெளிவந்தது. அதில் நந்தனாராக ஆண் வேடம் பூண்டு நடிக்க அவருக்கு ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். படம் எதிர்பார்த்த அளவு புகழ் பெறவில்லை. ஆயினும் அந்த இலட்சத்தைப் பற்றி நாடே பேசியது. பின்னர் 1940இல் 'மணிமேகலை', 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', 1964இல் 'பூம்புகார்', 1965இல் 'திருவிளையாடல்', 1967இல் 'கந்தன் கருணை', 1969இல் 'துணைவன்', 1973இல் 'காரைக்கால் அம்மையார்' என்று நீண்ட வரிசை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுத் திரைவாழ்வில் அவர் நடித்த படங்கள் ஒரு டஜனை ஒட்டியே இருக்கும். 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருது கிடைத்தது. முந்தைய ஆண்டில் பி. சுசீலா அவ்விருதைப் பெற்றார். இரண்டாவதாகப் பெற்றவர் இவரே. 1970இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

என் பாட்டிக்கு எழுத்தறிவு கிடையாது. கரூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மட்டாஞ்சேரிக்கு வந்தவள். 'ஔவையார்' படத்தைத் தான் பார்த்த கதையை, ஏதோ ஔவையையே நேரில் கண்டதுபோல் சொல்லுவாள். இந்தச் சொற்பொழிவுக்காகக் குறிப்பெடுத்தபோது, அவள் சொன்னதை நினைத்துக்கொண்டே அம்மையாரின் வேடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்று என் கண்ணில் பட்டது. நல்லதங்காளின் பிள்ளை, பசித்து அழுகிறது. மணிமேகலை, அமுதசுரபியை ஏந்தி ஊரார் பசியைத் தீர்க்கிறாள். ஔவை, ஊர் ஊராய் நடந்து, கூழுக்கும் பாடுகிறாள். காரைக்கால் அம்மையாரின் கதையே, பசித்து வந்த அடியாருக்குக் கணவன் அனுப்பிய மாங்கனியை இட்டதில்தான் தொடங்குகிறது. இவை தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் பசித்த பிள்ளையாகத் தொடங்கியவர் பசி தீர்ப்பவளாக முடிந்தார் என்று எண்ணுகையில் உள்ளம் நெகிழ்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "வறுமைதான் கலையை வளர்க்கும், பார்த்தீர்களா, பிச்சைக் காசு இலட்சமாயிற்று!" என்று கூறுவோர் உளர். நானும் ஒருகாலத்தில் அப்படிக் கூறியவன்தான். இப்பொழுது அதை நம்பவில்லை. அதே இருப்புப் பாதையில், அதே ஆண்டுகளில், வேறு எத்தனை பிள்ளைகள் பாடியிருப்பார்கள்? அவர்களுக்கும் பசி இருந்ததே! பசி ஒன்றே போதுமென்றால் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கோகிலம் கூவியிருக்க வேண்டும். சுந்தராம்பாளுக்கு இயற்கை குரலைத் தந்தது. அவருடைய உறுதி அக்குரலைக் காத்தது. ஆனால் அவை இரண்டுக்கும் நடுவில், நின்று கேட்ட ஒருவரின் காது வேண்டியிருந்தது. காசைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் நூற்றுக்கணக்கானவர். "இப்பிள்ளைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டவர் ஒருவரோ இருவரோதான்.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. கொச்சிக்காரர்கள் அன்போடு பாய் என்றழைத்த மெஹ்பூப் அவர்களைப் பெரியவர்கள் அறிவீர்கள். பட்டாள முகாம்களிலும் கல்யாண வீடுகளிலும் பிள்ளைப் பருவத்திலேயே பாடத் தொடங்கியவர். 1954இல் வந்த 'நீலக்குயில்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது. 1963இல் வந்த 'டாக்டர்' படத்தில், ரயில் வண்டியை விளித்து, இஞ்சினின் வயிற்றுத் தீயையும் ஏழையின் வயிற்றுத் தீயையும் ஒப்பிட்டு அவர் பாடிய பாட்டு இன்றும் இத்தெருக்களில் கேட்கிறது. ஏழையாகவே வாழ்ந்து 1981இல் அவர் மறைந்தார். கொடுமுடிக் குரலுக்கு இலட்சம் கிடைத்தது. கொச்சிக் குரலுக்கு மக்களின் அன்பு மட்டுமே மிகுதியாய்க் கிடைத்தது. பசி இருவருக்கும் பொதுவாயிருந்தது.

முன்னே குறிப்பிட்ட வெட்கத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை, ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளம் நோக்கி வரும் வண்டியில், உடன் வேலை பார்க்கும் மலையாள நண்பர்களோடு வந்துகொண்டிருந்தேன். ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இரண்டு ஓட்டுச் சில்லுகளை விரலிடுக்கில் தட்டிக்கொண்டு முருகன் பாட்டொன்று பாடியபடி வந்தாள். நல்ல தமிழ், நல்ல குரல். நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து, "உங்கள் நாட்டுக்காரி" என்று சொல்லிப் புன்னகைத்தார். அவர் மனத்தில் ஏளனம் இருந்ததோ இல்லையோ, எனக்குச் சுருக்கென்றது. எழுந்தேன். ரயில்வேச் சட்டத்தின் 144ஆம் பிரிவு வண்டியில் இரப்பதைத் தடுக்கிறது என்பது எனக்குத் தெரியும். அச்சட்டத்தை வாயில் வைத்துக்கொண்டு, அடுத்த நிலையத்தில் இறங்கும்படி அவளை அதட்டினேன்.

அது ஒரு சிறு நிலையம். மழை தூறிக்கொண்டிருந்தது. இறங்கி நின்றவள் சன்னலருகே வந்து, "ஏண்ணே, நான் நல்லாப் பாடலையா?" என்று கேட்டாள்.

அன்பர்களே, அவள் இரக்கம் வேண்டவில்லை, திட்டவும் இல்லை. பாட்டில் பிழை நேர்ந்துவிட்டதோ என்றுதான் கேட்டாள். தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. என்னிடம் விடையில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. அவளுடன் பெரியவர் யாரேனும் இருந்தனரா, இரவு எங்கே தங்கினாள், ஒன்றும் அறியேன். சட்டத்தின்மேல் பற்றுக்கொண்டா நான் எழுந்தேன்? இல்லை. என் மொழி பேசும் குழந்தை கையேந்துவதைப் பிறமொழியார் பார்த்துவிட்டார்களே என்னும் மானக்கேட்டால் எழுந்தேன். குழந்தையின் பசி எனக்கு மானக்கேடாகப் படவில்லை. அது பிறர் கண்ணில் பட்டதே மானக்கேடாகப் பட்டது. நடேச ஐயர் அமர்ந்த அதே இலாகாவின் பெஞ்சில்தான் நானும் அமர்ந்திருந்தேன்.

அப்படியாயின் என்ன செய்திருக்க வேண்டும்? காசு போட்டுப் பாடச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்குமா? அதுவும் சரியன்று. காசு போடுவது அவளை நாளையும் அதே வண்டியில் ஏற்றும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாது. அவளைப் பாட விட்டு, பின்னால் நின்று காசை வாங்கிக்கொள்வோரும் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, ஆறு முதல் பதினான்கு வயது வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி உரிமையாகிவிட்டது. துணையற்ற பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணை அழைக்கலாம். பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றில் சிறார்க்கு உதவும் மையங்களும் உள்ளன. சுந்தராம்பாள் அம்மையார் சிறுமியாயிருந்த நாளில் இவை எவையும் இல்லை. எனக்கு இவை அனைத்தும் இருந்தன; சட்டைப் பையில் தொலைபேசியும் இருந்தது. அவள் பெயரைக் கேட்டிருக்கலாம். நிலையம்வரை அழைத்துவந்து பொறுப்பானவரிடம் ஒப்படைத்திருக்கலாம். அவள் கேட்டதற்கு, "நன்றாகப் பாடினாய், அம்மா" என்றாவது சொல்லியிருக்கலாம்.

அன்பர்களே, பிறர் பிழையை எடுத்துச் சொல்ல நான் இங்கு நிற்கவில்லை. என் பிழையைச் சொல்லி ஒரு வேண்டுகோளைச் சங்கத்தின்முன் வைக்கவே நிற்கிறேன். ஆண்டுதோறும் இவ்விழாவில் நம் குழந்தைகள் பாடுகிறார்கள், கைதட்டுகிறோம், பரிசாக ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புகிறோம். அடுத்த ஆண்டு அதே குழந்தை மேடைக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று நாம் விசாரிப்பதில்லை. சலவைத்துறையிலும், சரக்குக் கிடங்குகளிலும், சிறு கடைகளிலும் உழைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் நல்ல குரலுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுள் ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது தேர்ந்து, பள்ளிச் செலவையும் இசைப் பயிற்சிச் செலவையும் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். பெரிய தொகை வேண்டியதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு வேளைத் தேநீர்ச் செலவை ஒதுக்கினால் போதும். என் பங்காக இவ்வாண்டு பெறும் போனஸில் ஒரு பகுதியை இன்றே செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் சுந்தராம்பாள் ஆகிவிடமாட்டார்கள். ஆகவேண்டியதும் இல்லை. பசிக்காகப் பாடாமல், பாட்டுக்காகப் பாடும் நிலை ஒரு பிள்ளைக்கு வாய்த்தாலே நாம் செய்தது வீண்போகாது. ரயிலில் பாடிய ஒரு சிறுமியின் குரலை யாரோ ஒருவர் நின்று கேட்டதனால் தமிழுக்கு ஓர் ஔவை கிடைத்தாள். இனி எந்தக் குழந்தையும் நம்மைப் பார்த்து, "நான் நல்லாப் பாடலையா?" என்று கேட்டால், நம்மிடம் விடை இருக்கவேண்டும்.